கணக்கிலிருந்து ஐடிக்கு: வேலையை விடுவதற்கு முன்னால் ஒரு வார்த்தை

தம்பி, உங்கள் நிலைமை எனக்குப் புரிகிறது. பி.காம். முடித்து, சிஏ இன்டரில் ஒரு குரூப் மட்டும் பாஸாகி, நான்கு வருடமாகத் திருப்பூரில் ஒரு பனியன் எக்ஸ்போர்ட் கம்பெனியில் கணக்குப் பார்க்கிறீர்கள். கூடப் படித்தவர்கள் சென்னை ஓஎம்ஆரில் ஐடி வேலையில் இருக்கிறார்கள். வேலையை விட்டுவிட்டு ஆறு மாதம் ஃபுல் ஸ்டாக் கோர்ஸ் (வெப்சைட்டை முழுதாக எழுதக் கற்றுத் தருவது) சேரலாமா என்று நீங்கள் கேட்கிறீர்கள், அப்பா சிஏவை முடி என்று நிற்கிறார். கோர்ஸுக்கு மட்டும் முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: இப்போதைக்கு வேண்டாம். ஐடிக்குத் தாராளமாகப் போகலாம், ஆனால் அந்த வாசல் வழியாகப் போகாதீர்கள்.

ஏன் என்றால், வெப்சைட் எழுதும் வேலைக்கு நீங்கள் விண்ணப்பித்தால் இந்த நான்கு வருடத்துக்கு அங்கே மதிப்பு பூஜ்யம். ஒவ்வொரு வருடமும் வெளியே வரும் இன்ஜினியரிங், பிசிஏ பிள்ளைகளோடு வரிசையின் கடைசியில் நிற்பீர்கள். அதே நேரத்தில், கணக்கு சாஃப்ட்வேர் செய்யும் கம்பெனிகள், ஈஆர்பி (கணக்கு, சரக்கு, சம்பளம் எல்லாவற்றையும் ஒன்றாகப் பார்க்கும் சாஃப்ட்வேர்) போட்டுத் தரும் கம்பெனிகள், பேங்க்குகளுக்கும் ஃபின்டெக் (ஆப் மூலம் பணச் சேவை தரும்) கம்பெனிகளுக்கும் சாஃப்ட்வேரைச் சோதித்து டெஸ்டிங் செய்யும் கம்பெனிகள் இவர்களுக்கெல்லாம் ஒரு தலைவலி உண்டு. புரோகிராம் எழுத ஆள் இருப்பான். கிரெடிட் நோட் போட்டால் எந்த லெட்ஜர் குறையும், ஜிஎஸ்டி எங்கே திரும்பும் என்று அவனுக்குத் தெரியாது. அதைச் சொல்லித் தர ஒரு ஆள் வேண்டும், அந்த ஆளாகத்தான் நீங்கள் உள்ளே போக வேண்டும்.

நீங்கள் ஏற்கெனவே பாதி ஐடி வேலைதான் செய்கிறீர்கள் என்று சொன்னால் சிரிப்பீர்கள். ஆனால் பாருங்கள். மாதா மாதம் 14ஆம் தேதி ஜிஎஸ்டிஆர் 2பி (சப்ளையர்கள் ஏற்றிய பில்களின் பட்டியல்) வருகிறது, 20ஆம் தேதிக்குள் 3பி (மாத ஜிஎஸ்டி கணக்கு) போட வேண்டும். நடுவில் டேலி கணக்கு சாஃப்ட்வேரிலிருந்து பர்ச்சேஸ் ரெஜிஸ்டரை எக்ஸெலில் இறக்கி, 2பியோடு வி-லுக்அப் போட்டு ஒப்பிட்டுப் பார்க்கிறீர்கள். நூல் சப்ளையர் பில் நம்பரை பூஜ்யங்களோடு '0045' என்று ஏற்றியிருப்பார், நீங்கள் வெறும் '45' என்று போட்டிருப்பீர்கள், இரண்டும் சேராது. ரவுண்ட் ஆஃபில் ஒரு ரூபாய் இடிக்கும். போன மாத பில் இந்த மாதம் வந்து நிற்கும். இதையே, டேபிள்களில் இருந்து டேட்டாவைக் கேட்டு எடுக்கும் எஸ்க்யூஎல் என்ற மொழியில் செய்தால் அதற்குப் பெயர் லெஃப்ட் ஜாயின். உங்கள் டேபிளில் இருக்கும், ஆனால் 2பி டேபிளில் இல்லாத பில்களுக்கு எதிரே எல்லாம் 'நல்' (காலி) என்று வரும், சப்ளையருக்குப் போன் போட வேண்டிய பட்டியல் அதுதான். பில் நம்பரில் இருக்கும் பூஜ்யம், கோடு, சாய்வுக்கோடு எல்லாவற்றையும் நீக்கிவிட்டு ஒப்பிடுவதற்குப் பெயர் டேட்டா கிளீனிங். பிவட் டேபிள் போடுகிறீர்களே, அது அங்கே குரூப் பை. புதிதாகக் கற்க வேண்டியது எழுதும் முறையைத்தான், யோசிக்கும் முறை உங்களிடம் இருக்கிறது.

அதனால் முதல் மூன்று மாதம் எஸ்க்யூஎல் மட்டும். அதைப் பழக எஸ்க்யூலைட் என்ற சாஃப்ட்வேர் இலவசம், சாதாரண லேப்டாப்பில் ஓடும். அப்புறம் எக்ஸெலிலேயே இருக்கும் பவர் குவெரி (டேட்டாவை இறக்கிச் சீராக்கும் கருவி), அதைத் தொடர்ந்து பவர் பிஐ (டேட்டாவை ரிப்போர்ட்டாகவும் படமாகவும் காட்டுவது), டெஸ்க்டாப் பதிப்புக்குக் காசு கிடையாது. பைத்தான் என்ற புரோகிராமிங் மொழி அதற்குப் பிறகு. உங்கள் கம்பெனி அரசு போர்டலில் பதிவாகும் இ-இன்வாய்ஸ் போடுகிறது என்றால் (5 கோடிக்கு மேல் டர்ன்ஓவர் இருந்தால் 2023 ஆகஸ்டிலிருந்து கட்டாயம்) அந்த ஜேசன் ஃபைல் ஒன்றை நோட்பேடில் திறந்து பாருங்கள். விற்பவர் விவரம், வாங்குபவர் விவரம், பொருள் பட்டியல், மொத்தத் தொகை என்று அடுக்கடுக்காக இருக்கும். இதை ஒரு சாஃப்ட்வேர் நேரடியாக போர்டலுக்கு அனுப்பி ஐஆர்என் (அந்த பில்லின் பதிவு எண்) வாங்க உதவும் இணைப்புதான் ஏபிஐ. ஒரு நேர்முகத் தேர்வில் இதை உங்கள் வார்த்தையில் சொல்ல முடிந்தால் போதும், சர்டிஃபிகேட்டை யாரும் தேடமாட்டார்கள். ஒன்று மட்டும் கவனம்: கம்பெனி டேட்டாவை அப்படியே வீட்டுக்குக் கொண்டுபோகாதீர்கள், பார்ட்டி பெயரும் ஜிஎஸ்டி நம்பரும் மாற்றி மாதிரி டேட்டா செய்துகொள்ளுங்கள்.

எந்த வேலைக்குப் போடுவது? ஈஆர்பி சப்போர்ட், இம்ப்ளிமென்டேஷன் (புதிதாக நிறுவித் தருவது), பில்லிங் அல்லது கணக்கு சாஃப்ட்வேருக்கு டெஸ்டிங், ஃபைனான்ஸ் பக்கத்து டேட்டா அனலிஸ்ட், பிசினஸ் அனலிஸ்ட் (வியாபாரத் தேவையைப் புரோகிராம் எழுதுபவர்களுக்கு விளக்குபவர்). இந்த வரிசையில்தான் கதவு திறக்கும் என்பது என் அனுபவம். பிசினஸ் அனலிஸ்ட் பதவியை முதல் நாளே எதிர்பார்க்காதீர்கள், சப்போர்ட்டில் ஒன்றிரண்டு வருடம் போனில் திட்டு வாங்கிய பிறகு அது தானாக வரும். முதல் சம்பளம் இப்போது வாங்குவதை ஒட்டித்தான் இருக்கும், சில சமயம் குறைவாகவும். அதை வீட்டில் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

எஸ்ஏபி என்ற ஈஆர்பியின் கணக்குப் பகுதியான ஃபைகோ படிக்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். நல்ல விஷயம்தான். பழைய ஈசிசி பதிப்புக்கான வழக்கமான சப்போர்ட் 2027 முடிவோடு நிற்கும் என்று எஸ்ஏபி சொல்லியிருப்பதால் பல கம்பெனிகள் புதிய பதிப்பான எஸ்/4ஹானாவுக்கு மாறும் வேலையில் இருக்கின்றன, ஆள் தேவை இருக்கிறது. ஆனால் வெறும் கோர்ஸ் முடித்தவரை நம்பி யாரும் ப்ராஜெக்ட் தருவதில்லை. எஸ்ஏபி ஓடும் ஒரு பெரிய மில்லிலோ ஆலையிலோ அக்கவுண்ட்ஸ் வேலைக்கே மாறி, அங்கே அதைப் பயன்படுத்தும் எண்ட் யூசராக இருந்து, ஏதாவது மாற்றம் நடக்கும்போது 'கீ யூசர்' (தன் பிரிவின் சார்பில் அந்த வேலையில் உதவுபவர்) ஆக நுழைவது மெதுவான வழி. செலவு இல்லாத வழியும் அதுதான்.

இங்கேதான் ஒரு ஆபத்து. "கோர்ஸோடு சேர்த்து மூன்று வருட எக்ஸ்பீரியன்ஸ் லெட்டரும் போட்டுத் தருகிறோம், லட்ச ரூபாய் கட்டுங்கள்" என்று யாராவது கூப்பிடுவார்கள். கட்டாயம் கூப்பிடுவார்கள். உங்களுக்கு மாதா மாதம் பிஎஃப் பிடித்திருக்கிறது, யுஏஎன் என்ற உங்கள் பிஎஃப் எண்ணில் எந்தக் கம்பெனியில் எந்தத் தேதியிலிருந்து என்று எல்லாம் பதிவாகியிருக்கிறது. பேக்ரவுண்ட் செக் செய்பவர்கள் அதையும் வருமான வரிப் பிடித்தம் காட்டும் 26ஏஎஸ்ஸையும் வாங்கிப் பார்த்தால் அரை மணி நேர வேலை. மாதா மாதம் பிஎஃப் கணக்கை (இசிஆர்) ஏற்றுகிற உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. வேலையும் போய், அந்தக் கம்பெனியின் கறுப்புப் பட்டியலில் பெயரும் ஏறிவிடும்.

கம்ப்யூட்டர் டிகிரி இல்லாததுதான் தடை என்று மனதில் உறுத்தினால் இரண்டு வழி. எம்சிஏ இப்போது இரண்டே வருடம், +2விலோ டிகிரியிலோ கணிதம் படித்திருந்தால் பி.காம். காரர்களும் டான்செட் நுழைவுத் தேர்வு எழுதலாம். ஆனால் வேலையை விட வேண்டியிருக்கும். மற்றது சென்னை ஐஐடியின் ஆன்லைன் பிஎஸ் டேட்டா சயின்ஸ். பத்தாவதில் கணிதமும் ஆங்கிலமும் படித்து +2 முடித்த யாரும், நான்கு வாரப் பாடம் படித்துத் தகுதித் தேர்வு எழுதிச் சேரலாம், டிப்ளமோவோடு நிறுத்திக்கொள்ளவும் முடியும். வேலை பார்த்துக்கொண்டே படிக்கலாம், ஆனால் ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று இருப்பதை மறந்துவிட வேண்டும்.

அப்பாவிடம் சண்டை போடாதீர்கள். மீதி ஒரு குரூப்பை எழுதும் மனசு உண்மையிலேயே இருந்தால் அதை முதலில் முடியுங்கள், ஈஆர்பி பக்கம் அதற்கு நல்ல மரியாதை உண்டு. மனசு இல்லையென்றால் அவருக்காக ஃபீஸ் கட்டி புத்தகத்தைத் திறக்காமல் இருப்பதில் யாருக்கும் லாபமில்லை. இரண்டையும் ஒரே நேரத்தில் இழுக்க வேண்டாம்.

கடைசியாக, நீங்களே கணக்குக்காரர், இதைப் போட்டுப் பாருங்கள். இன்னும் ஒரு வருடம் அங்கேயே இருந்தால் ஐந்து வருடம் முடிகிறது, கிராஜுவிட்டிக்கு (விலகும்போது கம்பெனி தரும் பணிக்கொடை) தகுதி வந்துவிடும். கிராஜுவிட்டிக்குக் கணக்கில் வரும் கடைசி மாதச் சம்பளம் (பெரும்பாலும் அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும்), அதில் இருபத்தாறில் பதினைந்து பங்கு, இன்டு ஐந்து. எஸ்க்யூஎல்லும் பவர் பிஐயும் கைவர அந்த ஒரு வருடம் எப்படியும் வேண்டும். மாறும்போது பிஎஃப் பணத்தை வெளியே எடுக்காமல் புதுக் கம்பெனிக்கு டிரான்ஸ்ஃபர் போடுங்கள். நோட்டீஸ் பீரியட் எத்தனை நாள் என்று ஆஃபர் லெட்டரை இன்றைக்கே எடுத்துப் பார்த்துவிடுங்கள், மார்ச் கடைசியில் மட்டும் பேப்பர் போடாதீர்கள். இயர் எண்டிங்கில் எந்த முதலாளியும் ரிலீவ் செய்யமாட்டார்.