டினியன் தீவுக்காக ஏன் அவ்வளவு பெரிய சண்டை?

பசிபிக்கில் இத்தனை தீவுகள் இருக்க, இரண்டாம் உலகப் போரில் டினியனைப் பிடிக்க அமெரிக்கா ஏன் அவ்வளவு மெனக்கெட்டது என்று கேட்டிருக்கிறீர்கள். தரையும் தூரமும்தான் காரணம்.

மரியானா தீவுக்கூட்டத்தில் சைப்பானுக்குத் தெற்கே, சுமார் 5 கி.மீ. கடலுக்கு அப்பால் இருக்கிறது டினியன். பரப்பு ஏறக்குறைய 100 சதுர கி.மீ. சைப்பானில் நடுவே மலை. டினியனோ பெரும்பாலும் தட்டையான சுண்ணாம்புக்கல் மேடு. ஜப்பானியர் அங்கே கரும்பு போட்டு வளர்த்ததும் அதனால்தான், அமெரிக்கர்கள் ஓடுபாதை போட்டதும் அதனால்தான்.

அங்கிருந்து டோக்கியோ சுமார் 2,400 கி.மீ. பி-29 குண்டுவீச்சு விமானம் போய்த் திரும்பலாம். இதன் அருமை புரிய அதற்கு முந்தைய ஏற்பாட்டைப் பார்க்க வேண்டும். 1944-ல் இந்த விமானங்கள் நம் கரக்பூர் வட்டாரத்தில் இருந்தன. இமயத்தைத் தாண்டி சீனாவின் செங்டு பக்கம் இறங்கி, அங்கிருந்து ஜப்பானுக்குப் போகும். அதற்கான எரிபொருளையும் இந்தியாவிலிருந்து விமானத்தில்தான் கொண்டுபோக வேண்டும். அவ்வளவு செய்தும் ஜப்பானின் தென்கோடியான கியூஷுவைத்தான் எட்ட முடிந்தது. டினியனிலோ கப்பலே வந்து எரிபொருளை இறக்கிவிடும். 1945-ல் கரக்பூர் படைப்பிரிவையே அங்கு மாற்றிவிட்டார்கள்.

தீவின் கரையோரம் பெரும்பாலும் செங்குத்துப் பாறை. அகலமான கடற்கரை டினியன் ஊர்ப்பக்கம் மட்டுமே, ஜப்பானியப் படையும் அங்கேதான் காத்திருந்தது. 1944 ஜூலை 24 அன்று அமெரிக்கர்கள் அங்கே இறங்குவதுபோல் போக்குக் காட்டிவிட்டு, வடமேற்கில் இரண்டு குறுகிய மணற்கரைகளில் இறங்கினார்கள். ஏற்கெனவே பிடித்திருந்த சைப்பானிலிருந்து அவர்களுடைய பீரங்கிகள் கடலைத் தாண்டிச் சுட்டன. ஆகஸ்ட் 1-ல் தீவு விழுந்தது.

ராணுவக் கதைகளில் விட்டுப்போகிறவர்கள் கரும்புத் தொழிலாளர்கள். பலர் குடும்பத்தோடு ஜப்பானின் ஒக்கினாவா தீவிலிருந்து வந்தவர்கள். சண்டையில் செத்தார்கள், தெற்குப் பாறைகளிலிருந்து குதித்தும் செத்தார்கள். எனக்கு இந்தத் தீவின் வரலாற்றில் ஆறாத இடம் இதுதான்.

பிறகு வடமுனையில் நான்கு ஓடுபாதைகள் வந்தன, ஒவ்வொன்றும் சுமார் 2,600 மீட்டர். ஹிரோஷிமாவுக்கும் நாகசாகிக்கும் அணுகுண்டு கிளம்பியது அங்கிருந்துதான். விமானத்துக்கு அடியில் தள்ளி ஏற்ற முடியாத அளவு பெரிய குண்டுகள் என்பதால், தரையில் குழி வெட்டி, அதிலிருந்து மேலே தூக்கி ஏற்றினார்கள்.

இன்று அங்கே வாழ்பவர்கள் சுமார் 2,000 பேர், தீவின் பழங்குடியான சமோரோக்களும் அவர்களில் உண்டு. நிலத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு அமெரிக்க ராணுவத்தின் குத்தகையில் இருக்கிறது. சீனாவை மனதில் வைத்து, காடு மண்டிய அந்தப் பழைய ஓடுபாதைகளை விமானப்படை மறுபடி சீர்செய்து வருகிறது.