மாரிக்கு முன் வெட்டுவதா, பின் வெட்டுவதா? பெரிய இலைச்செடிகள் பற்றிய கேள்வி-பதில்

புரட்டாசி பிறந்ததும் வளவைத் துப்புரவாக்கும் வேகத்தில் செடிகளையும் ஒட்ட வெட்டிவிடுகிறோம். இம்முறை வந்த கேள்விகளும் அந்த வேகத்தில் எழுதப்பட்டவைதான். கத்தரிக்கோலைக் கொஞ்சம் கீழே வையுங்கள்.

கல்லடி வாசகி: முற்றத்து இறப்பர் செடி கூரையைத் தாண்டிவிட்டது. மழைக்கு முன் இடுப்பளவுக்கு வெட்டிவிடலாமா?

இப்போது வேண்டாம், அம்மா. ஐப்பசி, கார்த்திகையில் மண் ஊறிக் கிடக்கும், வெயிலும் குறைவு. இலைகள் வழியேதான் செடி நீரை வெளியேற்றுகிறது. இலையை எல்லாம் எடுத்துவிட்டால் வேர் ஈரத்திலேயே நிற்கும், வெட்டுவாயும் காயாது. பெருவெட்டுக்கு உகந்த காலம் தைக் கடைசியும் மாசியும். அப்போது மண்ணில் ஈரம் இருக்கும், வெயில் திரும்பியிருக்கும், வறண்ட கச்சான் காற்று தொடங்க இன்னும் நாள் இருக்கும்.

இப்போது பாரத்தை மட்டும் குறையுங்கள். கூரையில் உரசும் கொப்பு, காய்ந்த கொப்பு, ஒன்றோடொன்று தேய்படும் கொப்பு ஆகியவற்றை எடுத்தால் போதும். 1978 நவம்பர் 23ஆம் திகதிச் சூறாவளியைக் கண்டவர்கள் உங்கள் அயலில் இருப்பார்கள். கூரையோரத்துக் கொப்பை ஏன் விட்டுவைக்கக் கூடாது என்று அவர்களே சொல்வார்கள்.

மாசியில் வெட்டும்போது கணுவுக்குச் சற்று மேலே வெட்டுங்கள். ஒரு தடவையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்காதீர்கள். வடியும் பாலை ஈரத்துணியால் ஒற்றி எடுங்கள். சிலருக்கு அது தோலில் அரிப்பை உண்டாக்கும். நல்ல நுனிக்கொப்பை வீசிவிடவும் வேண்டாம். வெட்டுவதற்கு முன்பே அதில் இரண்டு விரல் அகலத்துக்குப் பட்டையை வளையமாக உரித்து, ஈரத் தும்புத்தூளை வைத்து, பொலித்தீனால் இறுகக் கட்டுங்கள். வேர் வெளியே தெரிந்த பிறகு அதன் கீழே வெட்டிச் சாடியில் நட்டால் புதுக் கன்று கிடைக்கும்.

ஒன்றை மறைக்காமல் சொல்கிறேன். இது காட்டில் 30 மீற்றருக்கும் மேல் வளரும் மரம். சுவருக்கோ கிணற்றுக்கோ பக்கத்தில் நிற்கிறதென்றால் வருடாவருடம் வெட்டுவது தீர்வாகாது. கீழே வேர் தன் வேலையைச் செய்துகொண்டே இருக்கும். மேலே சொன்னபடி பதி வைத்த (கொப்பிலேயே வேர்விட வைத்த) கன்றைச் சாடியில் வளர்த்துக்கொண்டு தாய்மரத்தை அகற்றிவிடுங்கள்.

களுவாஞ்சிக்குடி வாசகர்: யானைக்காதுச் செடிகள் இரண்டு வைத்திருக்கிறேன். போன மாரியில் ஒன்று செழித்தது, மற்றது அழுகிவிட்டது. ஒரே மண், ஒரே மழைதானே?

மண்ணும் மழையும் ஒன்று, செடிகள் வேறு. இலையின் நுனி நிலத்தைப் பார்த்துத் தொங்கினால் அது பெரும்பாலும் கொலகேசியா, நம் சேம்பின் இனம். வாய்க்கால் ஓரத்திலும் வளரும். மாரி அதற்குக் கொண்டாட்டம். நுனி வானத்தைப் பார்த்தால் அநேகமாக அலோகேசியா. ஈரலிப்பான காற்று அதற்குப் பிடிக்கும், ஆனால் வேரடியில் நீர் தேங்கினால் கிழங்கு அழுகிவிடும்.

அலோகேசியாவை மழைக்கு முன் தாழ்வாரத்துக்கு எடுங்கள். சாடியின் அடித்துளை அடைபட்டிருக்கிறதா என்று பாருங்கள். மண்ணோடு மணலும் தும்பும் கலந்திருக்கட்டும். ஒளி குறைந்த நாட்களில் இலை ஒவ்வொன்றாக மஞ்சளாகி விழலாம். இந்த நேரத்தில் எரு போட்டுத் தட்டியெழுப்ப முயலாதீர்கள், நீரைக் குறையுங்கள். கிழங்கை விரலால் அழுத்தும்போது கெட்டியாக இருந்தால் உயிர் இருக்கிறது. வெயில் வந்ததும் குருத்து வரும். முழுதாக மஞ்சளான இலையை மட்டும் வெட்டுங்கள்.

சம்மாந்துறை வாசகர்: விசிறிவாழையின் தலையை வெட்டினால் பக்கக்கிளை வருமா?

வராது. தண்டின் வளர்ச்சி அந்த ஒரே உச்சிக் குருத்தில்தான் இருக்கிறது. அதை வெட்டினால் அந்தத் தண்டு முடிந்தது. காய்ந்த மட்டைகளை மட்டும் எடுங்கள். உயரம் பிடிக்கவில்லையென்றால் அடியில் வரும் கன்றைப் பிரித்து வேறிடத்தில் வையுங்கள்.

காரைதீவு வாசகி: ரொறன்ரோவில் இருக்கும் மகள் கல்வாழையும் வாழையும் வளர்க்கிறாள். குளிர்காலத்தில் எப்படிக் காப்பாற்றுவது என்று கேட்கிறாள்.

நம் ஊரில் மண்ணுக்குள்ளேயே கிடக்கும் கிழங்கை அங்கே தோண்டி எடுக்க வேண்டும். முதல் உறைபனியில் கல்வாழையின் இலைகள் கறுக்கும். அதன்பின் தண்டை ஒரு சாண் விட்டு வெட்டி, மண் உறைவதற்கு முன் கிழங்கைக் கிளறி எடுக்கச் சொல்லுங்கள். சில நாள் நிழலில் உலர்த்தி, மரத்தூளிலோ தும்புத்தூளிலோ புதைத்து, 7 முதல் 10 பாகை செல்சியஸ் வரையுள்ள இருட்டான நிலக்கீழ் அறையில் வைக்கலாம். மாதம் ஒரு முறை பார்த்து, அழுகியதை அகற்ற வேண்டும். உறைபனி அச்சம் நீங்கியபின், மே மாதக் கடைசி அளவில், மீண்டும் நடலாம்.

சாடியில் நிற்கும் வாழையை உறைபனிக்கு முன்பே உள்ளே எடுக்க வேண்டும். குருத்தை விட்டு மற்ற இலைகளை வெட்டி, குளிர்ந்த அறையில் மண் முழுதாகக் காய்ந்துபோகாத அளவுக்கு மட்டும் நீர் விட்டால் போதும். இளவேனில் வரை அது வளராது. மகள் பயப்பட வேண்டாம்.

அக்கரைப்பற்று வாசகர்: கச்சானில் குறோட்டன் இலைகள் கருகிவிட்டன. அடியோடு வெட்டட்டுமா?

முதலில் பட்டையை நகத்தால் லேசாகச் சுரண்டிப் பாருங்கள். உள்ளே பச்சை இருந்தால் வெட்ட வேண்டாம். கருகிய இலைதான் இப்போது தண்டுக்கு நிழல். கடற்கரைக்கு அருகில் வீடு என்றால் உப்புக்காற்றும் சேர்ந்திருக்கும். மாலையில் இலைகளை நல்ல தண்ணீரால் கழுவிவிடுங்கள். அடியில் சருகு பரப்புங்கள். முதல் மழைக்குத் துளிர் வந்ததும், எந்தக் கணுவுக்கு மேல் துளிர் இல்லையோ அதுவரை வெட்டுங்கள்.