இரவில் மட்டும் நாடித்துடிப்பு ஏறினால் விளக்கைச் சந்தேகப்படுங்கள்

மன்னார்குடி நண்பருக்கு, முகத்தின் நிறம் லேசாக மாறுவதை வைத்து வெப்கேமரா பகலில் திண்ணையில் சரியாகக் காட்டும் பாட்டியின் நாடித்துடிப்பு, இரவில் கூடத்தில் 118 ஆகிறது, ஆக்ஸிமீட்டரோ 76 காட்டுகிறது என்று கேட்டிருந்தீர்கள். முதலில் கேமராவை வெறும் சுவருக்குத் திருப்பி அளந்து பாருங்கள். அங்கேயும் 118 வந்தால் அது பாட்டியின் நாடியே இல்லை. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். பழைய சோக் வைத்த ட்யூப்லைட் நொடிக்கு 100 முறை மினுக்கும். மங்கல் வெளிச்சத்தில் கேமராவின் வேகம் குறைந்து தடுமாறும்போது, அந்த மினுக்கல் மெதுவான அலையாகப் பதிந்து நாடி போலவே தெரியும். சீலிங் ஃபேன் நிழலும் இதே வேலையைச் செய்யும்.

ஒவ்வொரு படத்திலும் சரியாக இரண்டு மினுக்கல் அடங்கும்படி கேமராவின் ஷட்டரை 1/50 நொடியில் நிறுத்தி, தானாக வெளிச்சம் கூட்டுவதை அணைத்துவிடுங்கள். அப்புறம் பச்சை நிறத்தை மட்டும் எடுத்து அலசுங்கள். ரத்தத்தின் ஹீமோகுளோபின் பச்சை ஒளியை நன்றாக உறிஞ்சும், அதனால் நாடித்துடிப்பு பச்சையில்தான் தெளிவாகத் தெரியும். பாட்டிக்கு மூச்சு வாங்கினாலோ மயக்கம் வந்தாலோ தயவுசெய்து கேமராவை நம்பிக் காத்திருக்காதீர்கள், உடனே மருத்துவரிடம் கூட்டிப்போங்கள்.