பொருள் உங்களுடையது, பொருத்தியது பட்டறை: பொறுப்பு யாருக்கு?

கேள்வி: உசிலம்பட்டி பக்கம் எங்கள் ஊர். சொந்த பிக்கப் வண்டியை நானே ஓட்டி மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டுக்கு மல்லிகை ஏற்றிப் போகிறேன். முன் ஷாக் அப்சார்பர் இரண்டும் போய்விட்டன. கம்பெனி பார்ட்ஸ் கட்டுப்படியாகாமல் கடையில் வெளிக்கம்பெனி ஷாக் வாங்கினேன். மதுரையில் ஒரு பட்டறையில் பழைய காயில் ஸ்பிரிங்கையே அதில் ஏற்றி மாட்டினார்கள். சில வாரங்களில் சத்தம் வந்தது. போய்ச் சொன்னதற்கு, "ஓட ஓடச் சரியாகிவிடும்" என்றார்கள். அப்புறம் செக்கானூரணி பக்கம் ஒரு பள்ளத்தில் இறங்கும்போது ஸ்பிரிங் நழுவி டயரைக் கிழித்து, வண்டி ரோட்டோரக் கல்லில் மோதியது. இப்போது ஷெட்டில் நிற்கிறது. "பொருள் நீங்கள் கொண்டுவந்தது" என்கிறது பட்டறை. "மாட்டினது சரியில்லை" என்கிறார் கடைக்காரர். யார் மீது வழக்குப் போடுவது? வெளிக்கம்பெனி ஷாக் போட்டதே சட்டப்படி தப்பா?

பதில்: முதலில் அந்த ஷாக்கை யாரையும் கழற்ற விடாதீர்கள். "பார்த்துச் சொல்கிறோம்" என்று பட்டறைக்காரரே வந்து கேட்டாலும் கொடுக்காதீர்கள். உங்கள் வழக்கே அதில்தான் இருக்கிறது.

ஸ்பிரிங்கைக் கம்ப்ரஸர் வைத்து அமுக்கி, அதன் முனை ஷாக்கின் கீழ்த்தட்டில் உள்ள படியில் முட்டி உட்காரும்படி ஏற்ற வேண்டும். முனை படியில் உட்காராமல் தள்ளி நின்றாலோ, மேல் நட்டு சரியாக முறுக்கப்படாமல் இருந்தாலோ அது பொருத்தியவர் தவறு. தட்டின் வெல்டிங் விட்டிருந்தால் பொருளின் குறை. ஒருமுறை கழற்றிவிட்டால் இதை நிரூபிப்பது மிகக் கடினம். நழுவாத இன்னொரு பக்கத்தையும் நெருக்கமாகப் படம் எடுங்கள். அதுவும் அதே கை மாட்டியதுதான். எப்படி மாட்டினார்கள் என்பதை அது காட்டிக்கொடுக்கும்.

"பொருள் உங்களுடையது" என்ற வாதம் நிற்காது. கூலி வாங்கிக்கொண்டு பொருத்தியது நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன்படி சேவை. அந்த ஷாக்குக்கு அந்த ஸ்பிரிங் சேராது என்றால் மாட்ட மறுத்திருக்க வேண்டியவர் மெக்கானிக். அதைவிட, சத்தம் வருகிறது என்று சொன்ன பிறகும் திறந்து பார்க்காமல் உங்களை அதே வண்டியில் ரோட்டுக்கு அனுப்பியிருக்கிறார்கள். எனக்கு இதுதான் பொறுக்கவில்லை. அன்று போனில் பேசியதற்கோ வாட்ஸ்அப்பில் அனுப்பியதற்கோ பதிவு இருந்தால் அழிக்காதீர்கள். லேபர் பில் தரவில்லை என்றால் ஜிபே பதிவு போதும்.

வழக்கில் இருவரையும் எதிர்மனுதாரராகச் சேருங்கள். ஒருவரை விட்டால், இருப்பவர் பழியை இல்லாதவர் மேல் போட்டுத் தப்பிக்கப் பார்ப்பார்.

"இது வியாபார வண்டி, இவர் நுகர்வோரே இல்லை" என்பது எதிர்த்தரப்பின் முதல் ஆட்சேபமாக இருக்கும். சுயதொழில் செய்து பிழைப்பவருக்குச் சட்டமே விலக்குத் தருகிறது. பி.எஸ்.ஜி. நிறுவனம் சம்பந்தப்பட்ட 1995-ஆம் ஆண்டு வழக்கில், லாரி வாங்கித் தானே வாடகைக்கு ஓட்டுபவர் நுகர்வோர்தான் என்று உச்ச நீதிமன்றம் உதாரணம் காட்டியே சொல்லியிருக்கிறது. "நானே ஓட்டுகிறேன், இதுதான் என் பிழைப்பு" என்பதைப் புகாரில் மறக்காமல் எழுதுங்கள்.

நீங்கள் இருப்பது மதுரை மாவட்டம் என்பதால் மதுரை மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே மனு போடலாம். கெடு 2 ஆண்டுகள். பொருளுக்கும் கூலிக்கும் கொடுத்தது 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது. வக்கீல் கட்டாயமில்லை. ஷாக்கை நிபுணரிடம் பரிசோதனைக்கு அனுப்பும்படி மனுவோடேயே கேளுங்கள். ரிப்பேர் செலவோடு வருமான இழப்பையும் கேட்கலாம். அதற்குக் கமிஷன் கடைச் சீட்டுகளை எடுத்து வையுங்கள்.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52-இன்படி, ஆர்.சி.யில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்ததிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது. அனுமதியில்லாத மாற்றத்துக்கு, மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் உண்டு. உங்கள் வண்டிக்கென்றே செய்த, அதே அளவு ஷாக்கைப் பழைய ஸ்பிரிங்கோடு போட்டது தேய்ந்த பாகத்தை மாற்றிய கணக்கில்தான் வரும் என்பது என் கருத்து. உயரம் ஏற்றியிருந்தாலோ, கூடுதல் பாரம் ஏற்றக் கெட்டி ஸ்பிரிங் போட்டிருந்தாலோ இப்படிச் சொல்லமாட்டேன்.

ஓன் டேமேஜ் பாலிசி (உங்கள் வண்டிக்கு ஆகும் சேதத்துக்கான இன்சூரன்ஸ்) இருந்தால் இன்சூரன்ஸ் கம்பெனிக்கு இன்றே தெரிவியுங்கள். சர்வேயர் பார்க்கும் முன் ரிப்பேர் வேண்டாம். ஷாக் மாற்றியதை மறைக்கவும் வேண்டாம். கிளெய்மை மறுத்தால் காரணத்தை எழுத்தில் வாங்குங்கள். இதற்கிடையே பட்டறைக்கும் கடைக்கும் 15 நாள் கெடு வைத்து நோட்டீஸ் அனுப்பி, ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.