கூடாரத்தில் மூன்று இரவு: கோடை இசை விழாவுக்குக் கிளம்புகிறவர்களுக்குச் சில பதில்கள்

ஜப்பானின் ஃபுஜி ராக் விழாவுக்கு ஐந்து முறையும் இங்கிலாந்தின் கிளாஸ்டன்பரிக்கு ஒரு முறையும் போய்க் கூடாரத்தில் தங்கியிருக்கிறேன். ஃபுஜி ராக் ஜூலைக் கடைசியில், நீகாத்தா மாநிலத்தின் நயேபா பனிச்சறுக்கு மலையில் வெள்ளி முதல் ஞாயிறு வரை நடக்கும். கிளாஸ்டன்பரி ஜூன் கடைசியில், சாமர்செட்டில் உள்ள ஒரு பால்பண்ணையில். முதல்முறை போகத் திட்டமிடும் சிங்கப்பூர்க்காரர்கள் என்னிடம் கேட்ட கேள்விகளை இங்கே சேர்த்து பதில் சொல்கிறேன்.

கேள்வி: அக்கா, ஜூலையில் ஜப்பான் கொளுத்தும் என்கிறார்கள். ஸ்லீப்பிங் பேக் எதற்கு? ஒரு பெட்ஷீட் போதாதா? (பல்கலைக்கழக மாணவர், செங்காங்)

பதில்: போதாது தம்பி. நீங்கள் கேள்விப்பட்டது தோக்கியோ வெயில். நயேபா கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பகலில் வியர்வையில் சட்டை ஒட்டிக்கொள்ளும். நள்ளிரவு தாண்டினால் 20 டிகிரிக்குக் கீழே இறங்கிவிடும். நம் ஊரில் டிசம்பர் மழையில் 23 டிகிரி வந்தாலே ஜன்னலைச் சாத்துகிறோம். அங்கே அதைவிடக் குளிர், அதோடு ஈர உடுப்பு, ஈரக் கால், நாள் முழுக்க நின்ற களைப்பு. கிளாஸ்டன்பரியில் ஜூன் இரவு 10 டிகிரியை ஒட்டி வரும். முதல் தடவை நான் மெல்லிய போர்வையோடு போய், விடியற்காலை மூன்று மணியிலிருந்து கூடாரத்துக்குள் உட்கார்ந்தே இருந்தேன். யாருக்காக அவ்வளவு தூரம் போனேனோ அந்தக் குழு மறுநாள் மேடையேறியபோது என்னால் கண்ணைத் திறந்து வைத்திருக்க முடியவில்லை.

நம்மவர்கள் மேலே போர்த்துவதைப் பற்றியே யோசிக்கிறோம். குளிர் ஏறுவது கீழேயிருந்து. தரை உடம்புச் சூட்டை இழுத்துக்கொண்டே இருக்கும். ஸ்லீப்பிங் பேக்கின் பஞ்சு நம் எடையில் நசுங்கிவிடுவதால் முதுகுப் பக்கம் அது அவ்வளவாக உதவாது. அதனால் அடியில் விரிக்கும் பாய்க்குத்தான் முதலில் காசு ஒதுக்குங்கள். பாயின் மேல் ‘ஆர் மதிப்பு’ என்று, தரைக் குளிரை எவ்வளவு தடுக்கும் எனக் காட்டும் ஓர் எண் போட்டிருக்கும். 2க்குக் குறையாமல் வாங்குங்கள். தடிமனான சாதாரணக் காற்று மெத்தை பார்க்கச் சொகுசாக இருக்கும், ஆனால் உள்ளே இருக்கிற காற்று குளிர்ந்ததும் நீங்களும் குளிர்ந்துவிடுவீர்கள். ஸ்லீப்பிங் பேக்கில் ‘கம்ஃபர்ட்’, ‘லிமிட்’ என்று இரண்டு வெப்பநிலை அச்சிட்டிருப்பார்கள். கம்ஃபர்ட் எண்ணை மட்டும் பாருங்கள். நயேபாவுக்கு 10 போதும். இங்கிலாந்துக்கு 5.

வாங்கியபின் ஒரு சோதனை செய்யுங்கள். வீட்டில் ஏர்கானை 18இல் வைத்து, கட்டிலை விட்டு இறங்கி, டைல்ஸ் தரையில் அந்தப் பாயும் பையுமாக ஓர் இரவு படுத்துப் பாருங்கள். எங்கே குளிர்கிறது, எந்தப் பக்க இடுப்பு வலிக்கிறது என்று அன்றே தெரிந்துவிடும். அப்புறம் ஒன்று: இரவு உடுத்துவதற்கென்று ஒரு நீளக்கை டி-ஷர்ட், கால்சட்டை, ஒரு ஜோடி தடித்த காலுறை. மூன்றையும் ஜிப்லாக் பையில் போட்டு மூடிவிடுங்கள். எவ்வளவு ஆசையாக இருந்தாலும் பகலில் அதைத் தொடக்கூடாது. கிளம்புகிற எல்லாரிடமும் நான் வற்புறுத்துவது இந்த ஒரு விஷயத்தைத்தான். இரவில் உலர்ந்த உடுப்பில் தூங்கியவர் மறுநாள் எதையும் தாங்குவார்.

கேள்வி: மழை வரும் என்றால் குடை எடுத்துக்கொள்ளலாமா? நம் ஊர் மழையையே பார்த்தவர்கள்தானே நாம்! (தோ பாயோ)

பதில்: நம் மழை வேறு. ஒரு மணிநேரம் கொட்டும், நாம் கோப்பிக் கடையில் ஒதுங்குவோம், நின்றுவிடும். மலையில் ஒதுங்க இடம் குறைவு. மெல்லிய மழை எட்டு மணிநேரம்கூடப் பெய்யும். ஃபுஜி ராக்கின் முதல் விழா 1997இல் ஃபுஜி மலையருகே நடந்தபோது புயலில் சிக்கி, இரண்டாம் நாளே ரத்தானது. 1999இல்தான் நயேபாவுக்கு வந்தார்கள். அங்கே போகிற ஜப்பானியர்கள் மழைக்காகவே உடுத்திக்கொண்டு வருவதைப் பார்க்கலாம்.

மேடைப் பகுதியில் குடை விரிக்கக் கூடாது; பின்னால் நிற்பவர் கண்ணில் குத்தும், மேடையையும் மறைக்கும். அதனால் மழைச் சட்டையும் மழைக் கால்சட்டையும் வேண்டும். முஸ்தபா கடையில் கிடைக்கும் மெல்லிய பிளாஸ்டிக் பொன்சோ ஒரு நாளில் கிழிந்துவிடும், அவசரத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஜீன்ஸ் வேண்டவே வேண்டாம். நனைந்தால் அங்கே காயாது, கனக்கும், தொடையை அறுக்கும்.

காலுக்கு என்ன என்பதில் ஊருக்கு ஊர் வித்தியாசம் உண்டு. கிளாஸ்டன்பரி களிமண் நிலம், மழை பெய்தால் முழங்கால்வரை சேறு. ரப்பர் பூட்ஸ்தான் சரி. நயேபாவில் சரளைக் கல், மரப்பலகைப் பாதை, ஏற்றம் இறக்கம். ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு நடக்கவே அரை மணிக்கு மேல் ஆகும், கனமான பூட்ஸ் குதிகாலைப் பதம் பார்க்கும். ஜப்பானியக் காட்டுப் பறவைச் சங்கம் பறவை பார்ப்பவர்களுக்காக விற்கும் மடக்கக்கூடிய ரப்பர் பூட்ஸ் அங்கே பலர் காலில் இருக்கும். இலேசாக இருக்கிறது, சுருட்டிப் பையில் வைக்கலாம். நான் தோக்கியோவில் வாங்கியது இன்னும் உழைக்கிறது.

கேள்வி: என் கணவரின் ட்ரெக்கிங் ஷூ வீட்டின் பாம் ஷெல்டர் அறையில் ஆறு வருடமாகப் புதுசு போலவே இருக்கிறது. பழைய கூடாரம் ஒன்றும் உண்டு. அதையே எடுத்துக்கொண்டால் செலவு மிச்சம்தானே? (பொங்கோல்)

பதில்: அந்த ஷூவை நம்பாதீர்கள் தங்கச்சி. ஷூவின் நடு அடிப்பாகத்தைப் பெரும்பாலும் பாலியூரித்தேன் நுரையில் செய்கிறார்கள். காற்றில் உள்ள ஈரம் அதைக் கொஞ்சம் கொஞ்சமாக உடைக்கும். நம் ஊர்க் காற்றில், பூட்டிய அறையில், போடாமலேயே வைத்திருந்தால் இன்னும் சீக்கிரம். வெளியே பளபளவென்று இருக்கும். நடந்த முதல் நாளே அடிப்பாகம் கழன்று வரும். எனக்கு இரண்டாம் தடவை இதுதான் நடந்தது. முகாமுக்குள் நுழைந்த மாலையே வலது காலின் அடி பெயர்ந்து, மூன்று நாளும் டேப் சுற்றி நடந்தேன். கிளம்புவதற்கு மூன்று வாரம் முன்பே அதைப் போட்டுக்கொண்டு மெக்ரிச்சி நீர்த்தேக்கப் பாதையில் ஒரு சுற்று நடந்து பாருங்கள். பிழைத்தால் எடுத்துப் போகலாம்.

கூடாரத்துக்கும் இதே நோய்தான். உள்பக்கம் பூசிய நீர்த்தடுப்புப் பூச்சு பிசுபிசுத்து, புளித்த வாடை அடித்தால் அதன் ஆயுள் முடிந்தது, ஒழுகும். இல்லையென்றால் தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள். வெளிக்கூரை தனியாக, தரைவரை இறங்குகிற இரண்டடுக்குக் கூடாரமாக இருக்க வேண்டும். இருவருக்கு மூன்று பேர் கூடாரம். பைகளையும் ஈரச் செருப்பையும் எங்கே வைப்பது?

கேள்வி: கூடாரம் போட்டே பழக்கமில்லை. இங்கே எங்கே பழகுவது?

பதில்: ஈஸ்ட் கோஸ்ட் பார்க், பாசிர் ரிஸ் பார்க் இரண்டிலும் அதற்கென்று ஒதுக்கிய பகுதிகள் உண்டு. தேசியப் பூங்காக் கழகத்தின் அனுமதி வேண்டும், ஏஎக்ஸ்எஸ் கட்டணச் சேவை வழியாக எடுக்கலாம். இரவு தங்கி, இருட்டில் ஒருமுறை கழற்றி மறுபடி போடுங்கள். கடற்கரை மணலில் முளைகள் நிற்காமல் சதி செய்யும், அதற்காகப் பயப்படாதீர்கள், மலையில் மண் பிடிக்கும். தேசிய சேவை முடித்த தம்பியோ அண்ணனோ வீட்டில் இருந்தால் கூட்டிப்போங்கள். கயிறு கட்டுவதை அவர்களைவிடப் பொறுமையாகச் சொல்லித்தர ஆளில்லை.

கேள்வி: அக்கா, நான் சுத்த சைவம். மூன்று நாள் என்ன சாப்பிடுவது? (ஈசூன்)

பதில்: கிளாஸ்டன்பரியில் கவலையே இல்லை, சைவக் கடைகள் ஏராளம். ஜப்பானில்தான் கவனம். காய்கறி சூப் என்று எழுதியிருந்தாலும் ‘தாஷி’ என்கிற மீன் வடிசாறு கலந்திருக்கலாம். நான் செய்வது இது: ‘அல்ஃபா மை’ என்று ஜப்பானில் விற்கும் உலர்சோற்றுப் பொட்டலம். வெந்நீர் ஊற்றினால் கால் மணியில் சோறு. வெந்நீர் இல்லையா, பச்சைத் தண்ணீரே ஊற்றி ஒரு மணிநேரம் வையுங்கள், அதுவும் சோறாகிவிடும். கலவைச் சோறும் அதே பெயரில் உண்டு, அதில் தாஷி இருக்கலாம், வெறும் வெள்ளைச் சோறாகப் பார்த்து வாங்குங்கள். வீட்டிலிருந்து பருப்புப் பொடி, தக்காளித் தொக்கு. தொக்கைச் செக்-இன் பெட்டியில் வையுங்கள், கைப்பையில் பிடுங்கிவிடுவார்கள். மலையில் மழை சத்தம் கேட்டபடி பருப்புப்பொடிச் சோறு சாப்பிட்டிருக்கிறேன், அந்த ருசி இன்னும் நாக்கில் இருக்கிறது.

அசைவம் சாப்பிடுகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: பக்வா என்கிற வாட்டிய உலர் இறைச்சி, இறைச்சி கலந்த எதையும் ஜப்பானுக்குள் கொண்டுபோகக் கூடாது. அடுப்புக்கான கேஸ் உருளை எந்த விமானத்திலும் ஏறாது.

கேள்வி: என் மகளும் தோழிகளும் போகிறார்கள். 20 வயது. பாதுகாப்பாக இருக்குமா? எனக்கு இரவில் தூக்கம் வராது. (ஓர் அம்மா, பிடோக்)

பதில்: உங்கள் கவலை நியாயமானதுதான் அம்மா. என் அம்மாவும் இதையேதான் கேட்டார். அங்கே நான் பார்த்தவரை பக்கத்துக் கூடாரத்துக்காரர்கள் நல்ல துணை. போன உடனே இடப்பக்கமும் வலப்பக்கமும் பேசிப் பெயர் தெரிந்துகொள்ளச் சொல்லுங்கள். கூட்டம் திரண்டால் கைப்பேசிச் சமிக்ஞை சில நேரம் போய்விடும். அது ஆபத்து இல்லை. ஆனாலும் பிள்ளைகள் தங்களுக்குள் ஒரு சந்திப்பு இடமும் நேரமும் வைத்துக்கொள்ள வேண்டும், உங்களோடும் ஒரு நேரம் பேசிவைத்துக்கொள்ளுங்கள். காலை பத்து மணிக்கு ஒரு செய்தி என்று வையுங்கள். இரவு வேண்டாம், இரவில் சமிக்ஞை இல்லையென்றால் நீங்கள்தான் தவிப்பீர்கள். பாஸ்போர்ட்டும் பணமும் இடுப்புப் பையில், தூங்கும்போதும் உடம்போடு.

கேள்வி: மாதவிடாய் அந்த நாட்களில் வந்தால்? கழிவறை எப்படி இருக்கும்?

பதில்: சமாளிக்கலாம். வரிசை நீளம், இரவில் வெளிச்சம் குறைவு. நெற்றி விளக்கு, டாய்லெட் பேப்பர், ஈரத்தாள், கைகழுவும் திரவம், கருப்புப் பிளாஸ்டிக் பைகள், இவை ஒரே சின்னப் பையில் எப்போதும் தோளில். தேவைக்கு இருமடங்கு நாப்கின் எடுங்கள், கொடுக்கவும் உதவும். அதிகாலை ஐந்தரைக்குக் கழிவறை சுத்தமாகவும் காலியாகவும் இருக்கும். சூடோஎஃபெட்ரின் 10 விழுக்காட்டுக்கு மேல் உள்ள சளி மாத்திரைகள் ஜப்பானில் தடை, வழக்கமாகச் சாப்பிடும் மருந்தின் அட்டையைப் படித்துவிட்டுப் பையில் போடுங்கள்.

கேள்வி: பவர் பேங்க் எத்தனை கொண்டுபோகலாம்?

பதில்: ஆளுக்கு 20,000 எம்ஏஎச் ஒன்று மூன்று நாளுக்குப் போதும். அது ஏறத்தாழ 74 வாட்-அவர், விமான வரம்பான 100க்குள் வரும். கைப்பையில்தான் வைக்க வேண்டும். இரவில் ஃப்ளைட் மோடில் போட்டால் பாதிக் கவலை தீரும்.

கேள்வி: எல்லாரும் கஞ்சா புகைப்பார்கள், வெளிநாட்டில் ஒருமுறை முயன்றால் யாருக்குத் தெரியும் என்கிறான் நண்பன்.

பதில்: தொடாதீர்கள். சிங்கப்பூர்க் குடிமக்களும் நிரந்தரவாசிகளும் வெளிநாட்டில் போதைப்பொருள் உட்கொண்டாலும் இங்கே உட்கொண்டதாகவே நம் சட்டம் எடுத்துக்கொள்ளும். போதைப்பொருள் தவறான பயன்பாட்டுச் சட்டத்தின் 8ஏ பிரிவு அது. நண்பனுக்கும் சொல்லுங்கள்.

கேள்வி: டிக்கெட், கூடார இடம் பற்றிச் சொல்லுங்கள் அக்கா.

பதில்: ஃபுஜி ராக்கில் விழா டிக்கெட் வேறு, கூடார டிக்கெட் வேறு. கூடாரத்துக்கு ஒன்று அல்ல, ஆளுக்கு ஒன்று. கிளாஸ்டன்பரிக்கு முன்கூட்டியே புகைப்படத்தோடு பதிவு செய்தால்தான் வாங்கவே முடியும், இன்னொருவர் பெயரில் உள்ளதை வாங்கி நுழைய முடியாது. 2026 அங்கே நிலத்துக்கு ஓய்வு ஆண்டு, விழா இல்லை. சிங்கப்பூர்ப் பாஸ்போர்ட்காரர்களும் இப்போது பிரிட்டனுக்கு இடிஏ என்கிற மின்னணுப் பயண அனுமதி எடுக்க வேண்டும்.

நயேபா முகாம் சரிவில் இருக்கிறது. வியாழக்கிழமையே போனவர்களுக்குச் சமதளம் கிடைக்கும். வெள்ளி மாலை போனால் சறுக்கிக்கொண்டே தூங்க வேண்டும். தோக்கியோவிலிருந்து எச்சிகோ-யுஸாவாவுக்கு ஷின்கான்செனில் ஒன்றரை மணிக்குள் போய்விடலாம், அங்கிருந்து விழாப் பேருந்து. வியாழன் இரவு இலவசக் கொண்டாட்டமும் உண்டு. போன் ஒதோரி நடனம், வாணவேடிக்கை. லீவு ஒரு நாள் கூடுதலாக எடுங்கள், வீண்போகாது.

கேள்வி: இயர்பிளக் அவசியமா? பாட்டு கேட்கத்தானே போகிறோம்!

பதில்: அவசியம். 85 டெசிபலில் எட்டு மணிநேரம் பாதுகாப்பு என்றால், ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகும். 100 டெசிபலில் கால் மணிதான். நல்ல இயர்பிளக் பாட்டைக் கெடுக்காது. தூங்கும்போதும் உதவும்.

கேள்வி: திரும்பி வரும்போது கூடாரம் ஈரமாக இருந்தால் என்ன செய்வது? சிலர் அங்கேயே விட்டுவிட்டு வருவதாகக் கேள்விப்பட்டேன்.

பதில்: விட்டுவிட்டு வராதீர்கள். கிளாஸ்டன்பரியில் திங்கட்கிழமை காலை, ஆளில்லாத கூடாரங்கள் சேற்றில் சரிந்து கிடந்ததைப் பார்த்தேன். மனசு ஆறவில்லை. அந்தப் பண்ணையில் மறுபடி மாடு மேய வேண்டும். நயேபாவில் தங்கள் பக்கத்துக் குப்பையையும் பொறுக்கிவிட்டுப் போகிறவர்களைப் பார்த்தேன்.

ஈரக் கூடாரத்தைக் குப்பைப் பையில் சுருட்டிக் கொண்டுவாருங்கள். வீட்டுக்கு வந்த அன்றே, எவ்வளவு அலுப்பாக இருந்தாலும், அதைப் பிரித்து உள்ளறையில் கயிறு கட்டி விரித்து, மின்விசிறியைப் போட்டுவிடுங்கள். நம் காற்றில் இரண்டு நாள் பிடிக்கும். தையல் ஓரங்களையும் முளைப்பையையும் விரலால் தொட்டுப் பாருங்கள், ஈரம் கடைசியாகத் தங்குவது அங்கேதான். காய்ந்தபின் இறுக்கி மடிக்காமல், பாம் ஷெல்டரில் அடைக்காமல், துணிப்பையில் தளர்வாகப் போட்டு அலமாரியின் மேல்தட்டில் வையுங்கள்.