ஹைப்ரிட் காரின் திரை காட்டும் மைலேஜை எவ்வளவு நம்பலாம்?

கேட்டவர் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் புதிதாக ஒரு ஹைப்ரிட் கார் வாங்கியிருக்கிறார். காரின் திரையில் 100 கிலோமீட்டருக்கு 4.6 லிட்டர் என்று வருகிறது. இரண்டு முறை டேங்க் நிரப்பிக் கணக்குப் போட்டுப் பார்த்தால் 5.1 வருகிறது. திரை தவறா, பெட்ரோல் பம்ப் தவறா, காரிலேயே ஏதாவது கோளாறா என்பது அவருடைய கேள்வி.

நான் டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் வசிக்கிறேன். எங்கள் வீட்டிலும் ஒரு ஹைப்ரிட் கார்தான். அதை வாங்கிய நாள் முதல் கையுறைப் பெட்டியில் ஒரு சின்ன நோட்டுப் புத்தகம் வைத்து, டேங்க் நிரப்பும் ஒவ்வொரு முறையும் கிலோமீட்டர், லிட்டர், திரை காட்டிய சராசரி ஆகிய மூன்றையும் எழுதி வருகிறேன். 24 முறை நிரப்பியதில் 14,040 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. உள்ளே போன பெட்ரோல் 744.1 லிட்டர். அதாவது 100 கிலோமீட்டருக்கு 5.30 லிட்டர். இதே தூரத்துக்குத் திரை காட்டிய சராசரி 4.98. திரையை நம்பினால் நான் 699 லிட்டர்தான் போட்டிருக்க வேண்டும். மீதி 45 லிட்டருக்கும் நான் பணம் கொடுத்திருக்கிறேன். ஆகவே என் காரின் திரை சுமார் 6 சதவீதம் குறைத்துச் சொல்கிறது என்று உறுதியாகச் சொல்லுவேன். உங்கள் காரிலும் திரை குறைத்துச் சொல்ல வாய்ப்பு உண்டு. ஆனால் இரண்டு டேங்க் கணக்கை மட்டும் வைத்துக்கொண்டு எவ்வளவு குறைக்கிறது என்று சொல்லவே முடியாது. அதற்கான காரணத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

முதலில், டேங்க்கில் இருக்கும் பெட்ரோலை அளந்து திரை இந்த எண்ணைச் சொல்வதில்லை. இன்ஜின் கணினி, பெட்ரோலைத் தெளிக்கும் ஒவ்வொரு இன்ஜெக்டரையும் எத்தனை மில்லி வினாடி திறந்து வைத்தது என்பதைக் கணக்கில் வைத்துக்கொள்கிறது. அத்தனை நேரம் திறந்திருந்தால் இவ்வளவு பெட்ரோல் போயிருக்கும் என்று தொழிற்சாலையில் எழுதிவைத்த ஒரு கணக்கின்படி அதைக் கூட்டிக்கொண்டே போகிறது. மறுபுறம் சக்கரங்கள் எத்தனை சுற்று சுற்றின என்பதிலிருந்து தூரத்தைக் கணக்கிடுகிறது. ஒன்றை மற்றொன்றால் வகுத்தால் திரையில் வரும் எண். இன்ஜெக்டர் நிர்ணயித்த அளவைவிடச் சற்று அதிகமாகத் தெளித்தாலும், பெட்ரோலின் அடர்த்தி கணினி எதிர்பார்த்ததிலிருந்து சற்று மாறினாலும், அந்தப் பிழை ஒவ்வொரு துளியிலும் சேர்ந்துகொண்டே போகும். இது அன்றைக்கு ஒன்று இன்றைக்கு ஒன்று என்று மாறும் பிழை அல்ல. ஒரே பக்கமாகச் சாயும் பிழை. நோட்டுப் புத்தகத்தைத் திருப்பிப் பார்த்தால், நான்கைந்து டேங்க்குகளைச் சேர்த்துக் கணக்கிடும்போதெல்லாம் இடைவெளி 6 சதவீதத்தை ஒட்டியே நிற்கிறது.

பம்ப் கணக்கின் பிழை வேறு வகையானது. புதிதாகக் கணக்குப் பார்ப்பவர்களைப் பெரும்பாலும் அதுதான் ஏமாற்றுகிறது. இங்கே நாம் கராஜ் என்று சொல்லும் பெட்ரோல் நிலையங்களில் நாமே பெட்ரோல் போட்டுக்கொள்ளும் வழக்கம் இல்லை. அங்கே வேலை செய்பவர்தான் போடுவார். ஒருவர் குழாய் முனை முதல் முறை டக்கென்று நின்றதும் எடுத்துவிடுவார். இன்னொருவர் நல்ல மனத்தோடு, பணம் முழு ரான்டாக வரட்டும் என்று இரண்டு மூன்று முறை மெல்ல அழுத்தி மேலும் ஒன்றரை லிட்டர் ஏற்றிவிடுவார். ஒருநாள் நான் கவனிக்காமல் மனைவியோடு பேசிக்கொண்டிருந்தபோது அப்படித்தான் நடந்தது. கழுத்து வரை பெட்ரோல் ததும்பி, மூடியைச் சுற்றி ஈரமாக மின்னியது. அந்த டேங்க்குக்குக் கணக்கு 5.6 லிட்டர் என்று வந்தது. அடுத்த முறை வேறொருவர் முதல் சத்தத்திலேயே நிறுத்தினார், கணக்கு 5.0 ஆகிவிட்டது. அந்த இரண்டு டேங்க்குகளிலும் திரை 4.9, 5.0 என்று அமைதியாகவே இருந்தது. முதல் டேங்க்கை மட்டும் பார்த்திருந்தால் திரை படுமோசம் என்று எழுதியிருப்பேன். இரண்டாவதை மட்டும் பார்த்திருந்தால் திரை மிகச் சரி என்று எழுதியிருப்பேன். இரண்டையும் சேர்த்தால் 5.3.

இதில் மனத்தில் கொள்ள வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. ஒவ்வொரு டேங்க்குக்கும் தனித்தனியாகக் கணக்குப் போட்டு, அந்த விடைகளைக் கூட்டிச் சராசரி எடுக்காதீர்கள். மொத்த லிட்டரைக் கூட்டி, மொத்தக் கிலோமீட்டரால் வகுங்கள். அப்படிச் செய்யும்போது இடையில் யார் அதிகம் நிரப்பினார், யார் குறைவாக நிரப்பினார் என்பதெல்லாம் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும். முதல் நிரப்பலிலும் கடைசி நிரப்பலிலும் உள்ள வித்தியாசம் மட்டுமே மிஞ்சும். 30 லிட்டரில் 2 லிட்டர் தவறினால் அது ஏறக்குறைய 7 சதவீதம். 744 லிட்டரில் அதே 2 லிட்டர் கால் சதவீதத்துக்கும் சற்றுதான் அதிகம்.

இப்போது ஹைப்ரிட்டுக்கே உரிய சிக்கலுக்கு வருகிறேன். பிளக்கில் சொருகாத சாதாரண ஹைப்ரிட் கார்களின் பேட்டரி மிகச் சிறியது. பல கார்களில் ஒன்று அல்லது ஒன்றரை யூனிட் மின்சாரம்தான் கொள்ளும். அதிலும் ஒரு பகுதியைத்தான் கார் பயன்படுத்திக்கொள்ளும். வீட்டிலிருந்து கிளம்பும்போது பேட்டரி நிறைந்திருந்து, போய்ச் சேரும்போது 0.4 யூனிட் குறைந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த மின்சாரத்தை இன்ஜின் உண்டாக்கியிருந்தால் சுமார் 130 முதல் 150 மில்லி பெட்ரோல் செலவாகியிருக்கும். 10 கிலோமீட்டர் பயணத்துக்கு மொத்தமே அரை லிட்டர் பெட்ரோல் என்னும்போது இது கால் பங்கு. ஆகவே காலையில் கடைக்குப் போய்வந்த சின்னப் பயணத்துக்குத் திரை 3.6 என்று காட்டினால் அது பொய் இல்லை. நேற்று எரித்த பெட்ரோலின் பலனை இன்று அனுபவித்திருக்கிறீர்கள், அவ்வளவே. முழு டேங்க் கணக்கில் இந்த வித்தியாசம் அரை சதவீதத்துக்கும் கீழே போய்விடும். அதனால்தான் ஒரு பயணத்தின் எண்ணைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பும் நண்பர்களிடம், டேங்க் கணக்கை அனுப்புங்கள் என்று நான் கேட்டுக்கொள்கிறேன்.

மேடு பள்ளமும் இதே குழப்பத்தைத் தரும். பெரிய வெள்ளியன்று பீட்டர்மாரிட்ஸ்பர்க் மாரியம்மன் கோயில் தீமிதிக்குக் குடும்பத்தோடு போய் வந்தோம். கடல்மட்டத்தை ஒட்டிய டர்பனிலிருந்து 600 மீட்டருக்கு மேல் ஏற வேண்டிய, ஏறக்குறைய 80 கிலோமீட்டர் பாதை அது. ஒன்றரை டன் எடையை அந்த உயரத்துக்குத் தூக்குவதற்கு மட்டுமே முக்கால் லிட்டருக்கு மேல் பெட்ரோல் வேண்டும். போகும்போது திரை 6.4 காட்டியது, இறங்கி வரும்போது 4.0. இரண்டும் ஒரே தூரம் என்பதால் சராசரி 5.2. என் மனைவி மதுரையில் வளர்ந்தவர்; லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்பதுதான் அவருக்குப் பழகிய கணக்கு. போகும்போது 15.6, வரும்போது 25, இரண்டையும் கூட்டிப் பாதியாக்கினால் 20.3 என்று சொன்னார். ஆனால் 160 கிலோமீட்டருக்குச் செலவானது 8.32 லிட்டர், வகுத்தால் 19.2தான் வரும். தமிழ்நாட்டு முறையில் மைலேஜ் பார்க்கும் எவரும் இந்த இடத்தில் தவறிவிடக்கூடும்: லிட்டருக்குக் கிலோமீட்டர் என்ற எண்களை நேரடியாகக் கூட்டிச் சராசரி எடுக்கக் கூடாது; சமமான தூரங்களுக்கு அப்படி எடுத்தால் உண்மையைவிட நல்ல விடைதான் எப்போதும் கிடைக்கும். இந்த ஒரு பயணத்தில் அந்தக் கணக்குப் பிழையே ஐந்தரை சதவீதம். திரையின் பிழைக்குக் கிட்டத்தட்டச் சமம்.

ஜோகன்னஸ்பர்க்கில் இருக்கும் என் மைத்துனர் நெடுஞ்சாலையில் என்னைவிடக் குறைந்த எண்ணைப் பார்க்கிறார். அது திரைப் பிழை அல்ல. 1,700 மீட்டர் உயரத்தில் காற்று மெலிந்திருக்கும். வேகமாகப் போகும் காருக்கு எதிர்ப்பு உண்மையிலேயே குறைவு. எனவே ஊர் விட்டு ஊர் எண்களை ஒப்பிட வேண்டாம்.

பலர் கவனிக்காத இன்னொன்றும் உண்டு. பம்ப் கணக்கில் லிட்டர் பம்பிலிருந்து வருகிறது, சரி. ஆனால் கிலோமீட்டர் எங்கிருந்து வருகிறது? காரின் ஓடோமீட்டரிலிருந்துதானே. அந்தத் தூரத்தில் பிழை இருந்தால் திரையும் பம்ப் கணக்கும் சேர்ந்தே தவறும். இரண்டையும் ஒப்பிட்டு அதைக் கண்டுபிடிக்க முடியாது. இதைச் சோதிக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் என்3 நெடுஞ்சாலையின் ஓரத்தில் கிலோமீட்டர் எண் எழுதி நட்டிருக்கும் சிறு நீலப் பலகைகளை அளவாக வைத்துக்கொண்டு 60 கிலோமீட்டர் ஓட்டினேன். மனைவி பலகைகளைப் படித்துச் சொல்ல, மகள் ட்ரிப் மீட்டரைப் பார்த்துச் சொன்னாள். 60 கிலோமீட்டருக்கு மீட்டர் 60.9 காட்டியது. ஒன்றரை சதவீதம் கூடுதல். டயர் தேயத் தேயச் சுற்றளவு குறையும். அதே தூரத்துக்குச் சக்கரம் அதிக முறை சுற்றும். கார் அதிக தூரம் ஓடியதாக நினைத்துக்கொள்ளும். 6 மில்லிமீட்டர் ரப்பர் தேய்ந்தாலே ஏறக்குறைய 2 சதவீதம் மாறும். காற்று குறைவாக இருந்தாலும் இதே திசையில்தான் சிறிது மாறும். இந்தத் திருத்தத்தையும் சேர்த்தால் என் காரின் உண்மையான செலவு 5.38 லிட்டர்; திரை காட்டுவதைவிட 8 சதவீதம் அதிகம்.

கார் வாங்கிய இடத்தின் சர்வீஸ் மேசையில் நோட்டைக் காட்டிக் கேட்டேன். அந்த எண் ஒரு வழிகாட்டிதான் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். எனக்கு அது போதவில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2021 முதல் பதிவாகும் எல்லாப் புதிய பெட்ரோல், டீசல், ஹைப்ரிட் கார்களிலும் எரிபொருள் செலவைக் கணினியே பதிந்துவைக்க வேண்டும், அதன் துல்லியம் 5 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. அந்த விதி உள்ளே பதியப்படும் கணக்குக்கு உரியது. ஓட்டுநர் பார்க்கும் திரைக்கென்று எழுதப்பட்டதல்ல. ஆனாலும் 5 சதவீதத்துக்குள் அளப்பது இயலும் காரியம் என்பது அதிலிருந்து தெரிகிறது. ஒவ்வொரு மாதமும் முதல் புதன்கிழமை பெட்ரோல் விலை மாறும் இந்த நாட்டில், சம்பளக்காரக் குடும்பங்கள் மாதச் செலவைத் திட்டமிடுவதற்கு இந்த எண்ணைத்தான் பார்க்கின்றன. அவர்களுக்குச் சரியான எண் கிடைக்க வேண்டும் என்று நான் மனதார நினைக்கிறேன்.

அப்படியென்றால் திரையே வேண்டாமா என்றால், அப்படி அல்ல. எப்போதும் ஒரே அளவு குறைத்து நிறுக்கும் தராசு, எந்த மூட்டை கனம் என்பதைச் சரியாகவே சொல்லும். 120இல் போகாமல் 100இல் போனால் எவ்வளவு மிச்சம், டயருக்குக் காற்று அடித்த பிறகு ஏதாவது மாறியதா, ஏசியின் செலவு எவ்வளவு என்பவற்றுக்குத் திரையைவிட நல்ல கருவி உங்களிடம் இல்லை. பணக் கணக்குக்கு மட்டும் அதைத் திருத்திக்கொள்ள வேண்டும். தூரத்தை ஓடோமீட்டரிலிருந்தே எடுப்பதால், நான் திரையின் எண்ணை 1.06 ஆல் பெருக்கித்தான் பயணச் செலவைக் கணக்கிடுகிறேன்.

பிளக்கில் சார்ஜ் செய்யும் ஹைப்ரிட்டாக இருந்தால் இந்தக் கணக்கு போதாது. வீட்டு மின்சாரத்தைத் தனியாக எழுத வேண்டும். இன்னும் எத்தனை கிலோமீட்டர் ஓடும் என்று காட்டும் எண் முற்றிலும் வேறு கணக்கு. அதை இதோடு சேர்த்துப் பார்க்காதீர்கள்.

உங்கள் 4.6க்கும் 5.1க்கும் இடையே உள்ள வித்தியாசம் சுமார் 11 சதவீதம். இரண்டே டேங்க்கில் வந்தது என்பதால் இப்போதைக்குக் கவலைப்பட வேண்டாம். இனி ஒரே கராஜில், முடிந்தால் ஒரே பம்பில், முதல் முறை குழாய் நின்றதும் போதும் என்று முன்னதாகவே சொல்லிவிட்டு நிரப்புங்கள். டேங்க் நிரம்பியவுடன் திரையின் சராசரியை மறக்காமல் பூஜ்யமாக்குங்கள். சில கார்களில் அது ஒவ்வொரு முறை கிளம்பும்போதும் தானாகவே அழியும்படி வைக்கப்பட்டிருக்கும், அந்த அமைப்பை மாற்றிவிடுங்கள். எட்டு பத்து முறை நிரப்பிய பிறகு மொத்தக் கணக்கைத் திரையின் கணக்கால் வகுத்துப் பாருங்கள். 1.05க்கும் 1.08க்கும் இடையே வந்தால் என் காரைப் போலத்தான். அந்த எண்ணால் பெருக்கிக்கொண்டு நிம்மதியாக ஓட்டலாம். அப்போதும் 1.10க்கு மேலேயே நின்றால் கவனிக்க வேண்டும். காலையில் காரைச் சுற்றி பெட்ரோல் வாடை வருகிறதா என்று பாருங்கள். வாடை வந்தால் கணக்கெல்லாம் பிறகு, முதலில் வண்டியை மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.