எந்த ஊர் என்பது இருக்கட்டும், இது எத்தனையாவது டாப்-அப்?

கேள்வி: எனக்கு 31 வயது. மதுரையில் ஐ.டி. நிறுவனம் ஒன்றில் வேலை, கைக்கு 48,000 ரூபாய் வருகிறது. என் இணையரும் பெண்தான். தனியார் மருத்துவமனையில் ஸ்டாஃப் நர்ஸ், சம்பளம் 22,000. இருவரும் தனித்தனி ஹாஸ்டலில் இருக்கிறோம். உறவினர் கண்ணில் படாத, எங்களைப் போன்றவர்கள் நிம்மதியாக வாழக்கூடிய, செலவும் கட்டுப்படியாகிற ஊருக்குச் சேர்ந்து போக நினைக்கிறோம். பெங்களூருவா, சென்னையா, கொச்சியா? என் நிறுவனத்துக்குச் சென்னையிலும் பெங்களூருவிலும் கிளை உண்டு.

2021 ஜூனில் தம்பி கல்யாணத்துக்காக 3 லட்சம் பர்சனல் லோன் எடுத்தேன். 2023 பிப்ரவரியில் வீட்டுக்கு மாடி கட்ட அதை 4 லட்சமாக டாப்-அப் செய்தேன். 2025 பிப்ரவரியில் தம்பியின் கடைக்காக 5 லட்சமாக்கினேன். 14% வட்டி, நான்கு வருடத் தவணை, இஎம்ஐ 13,660. அதில் 12 தவணை கட்டியாகிவிட்டது. வீட்டுக்கு மாதம் 8,000 அனுப்புகிறேன். நகைச் சீட்டு 5,000, இன்னும் நான்கு தவணை பாக்கி. சேமிப்பு எனக்கு 1.2 லட்சம், அவளுக்கு 60,000. அம்மாவிடம் என் பெயரில் 9 பவுன் இருக்கிறது. இந்த மாதம் ஒரு வரன் வந்திருக்கிறது. தம்பியும் கடையை விரிவாக்க 2 லட்சம் கேட்கிறான். கொடுத்துவிட்டால் ஆறு மாதம் யாரும் கல்யாணப் பேச்சை எடுக்க மாட்டார்கள். கொடுத்துவிட்டுக் கிளம்பலாமா?

பதில்: கடைசி இரண்டு வரிகளை நீங்களே மறுபடி படித்துப் பாருங்கள். உங்கள் கடன் எதற்காக வளர்கிறது என்பது அங்கேதான் இருக்கிறது. கல்யாணம், மாடி, கடை என்று காரணம் மாறினாலும் நீங்கள் வாங்குவது ஒன்றைத்தான்: வீட்டில் கொஞ்ச நாள் பேச்சில்லாமல் இருப்பது. அந்தச் சரக்குக்கு ஆயுள் ஆறு மாதம். தவணைக்கு நான்கு வருடம்.

கணக்கைப் பார்ப்போம். முதல் கடனை அப்படியே விட்டிருந்தால் மாதம் சுமார் 8,200 வீதம் கட்டி 2025 நடுவில் முடித்திருப்பீர்கள். டாப்-அப் செய்தபோது பழைய பாக்கியைக் கழித்துக்கொண்டு மீதியைத்தான் கொடுத்திருப்பார்கள். 2023இல் கைக்கு வந்தது சுமார் 2.05 லட்சம், 2025இல் சுமார் 2.7 லட்சம். மூன்று தடவையும் சேர்த்து வீட்டுக்குப் போனது 7.75 லட்சம். இந்தக் கடன் முடியும்போது நீங்கள் கட்டியிருப்பது ஏறத்தாழ 10.8 லட்சம். ஒவ்வொரு டாப்-அப்புக்கும் பிடித்த பிராசசிங் கட்டணம் தனி. தவணை மறுபடி ஒன்றிலிருந்து தொடங்குவதால் வட்டி அதிகமாகப் போகும் ஆரம்ப மாதங்களை மூன்று தடவை கட்டுகிறீர்கள். 5 லட்சத்தின் முதல் இஎம்ஐயில் மட்டும் 5,833 ரூபாய் வட்டி.

இன்றைய பாக்கி சுமார் 4 லட்சம், 36 தவணை. தம்பி கேட்கும் 2 லட்சத்தைச் சேர்த்தால் 6 லட்சம், மறுபடி 48 தவணை, இஎம்ஐ 16,400. “மாதம் 2,740 தானே மேடம் கூடுது” என்றுதான் வங்கியிலிருந்து போன் வரும். இப்போதைய கடனை முடிக்க உங்களுக்கு இன்னும் தேவை 4.92 லட்சம். டாப்-அப் செய்தால் அது 7.87 லட்சம். கைக்கு வரும் 2 லட்சத்துக்காகக் கட்டுவது 2.95 லட்சம். ஆகவே கூடாது. தம்பியின் கடை உண்மையிலேயே ஓடுகிறது என்றால் அவரே முத்ரா கடன் கேட்டுப் போகலாம். வங்கி அவர் கணக்கைப் பார்த்துக் கொடுக்கட்டும், அல்லது மறுக்கட்டும்.

வீட்டுக்கு அனுப்பும் 8,000ஐ நிறுத்தச் சொல்லவில்லை. மாதம் 5ஆம் தேதி தானாகப் போகும்படி வங்கியில் ஸ்டாண்டிங் இன்ஸ்ட்ரக்ஷன் கொடுத்துவிடுங்கள். கல்யாணப் பேச்சு வந்த மாதமும் அதே 8,000, வராத மாதமும் அதே 8,000.

அம்மாவிடம் இருக்கும் 9 பவுனைச் சொத்துப் பட்டியலில் எழுதியிருக்கிறீர்கள். அதை அடித்துவிடுங்கள். நினைத்த நாளில் உங்களால் எடுக்க முடியாத தங்கத்தை நம்பி வீட்டு அட்வான்ஸ் கொடுக்க முடியாது. நகைச் சீட்டைப் பாதியில் விட்டால் பெரும்பாலும் போனஸும் சேதாரச் சலுகையும் போய்விடும், அதனால் நான்கு தவணையையும் கட்டி முடியுங்கள். நகையை உங்கள் பெயரில் பில் போட்டு வாங்கி நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த சீட்டு வேண்டாம்.

இப்போது ஊர். கொச்சியில் உங்கள் நிறுவனத்துக்குக் கிளை இல்லை என்பதே போதும், ஆனாலும் ஒன்று தெரிந்திருக்க வேண்டும். கேரளம் 2015லேயே திருநர் கொள்கை வெளியிட்ட மாநிலம். 2017இல் கொச்சி மெட்ரோ திருநங்கைகளை வேலைக்கு எடுத்தபோது நாடே பாராட்டியது. அவர்களில் சிலர் கட்டுப்படியாகும் வாடகைக்கு வீடு கிடைக்காமல் சில வாரங்களிலேயே வேலையை விட்டார்கள். ஊர் நல்ல ஊராகவே இருக்கலாம், உங்களுக்குச் சாவி கொடுக்க வேண்டியவர் வீட்டு உரிமையாளர்.

பெங்களூருவில் பால்புதுமையினரின் (LGBTQ+) பிரைடு ஊர்வலம் 2008 முதல் நடக்கிறது, யார் யாரோடு இருக்கிறார்கள் என்ற விசாரணையும் குறைவு. சிக்கல் உங்கள் இணையரின் வேலையில். தமிழ்நாட்டுச் செவிலியர் குழுமத்தில் பதிவு செய்தவர் கர்நாடகத்தில் வேலை பார்க்க, இங்கே தடையில்லாச் சான்று வாங்கி அங்குள்ள குழுமத்தில் பதிய வேண்டும். மூன்று மாதம் என்று வையுங்கள். அந்த மூன்று மாதமும் வீட்டுக்கு ஒரே சம்பளம். எலக்ட்ரானிக் சிட்டி பக்கம் பராமரிப்போடு சுமார் 18,000 வாடகை, ஐந்து மாத அட்வான்ஸ் 90,000, புரோக்கருக்கு ஒரு மாத வாடகை, முதல் மாத வாடகை, லாரி 25,000, பாத்திரம், கேஸ், கட்டில் வகையில் 35,000. மொத்தம் 1.86 லட்சம். அதோடு அவர் இழக்கும் சம்பளம் 66,000. ஆக 2.52 லட்சம். உங்கள் இருவர் சேமிப்பும் சேர்ந்து 1.8 லட்சம்தான்.

சென்னையில் மேடவாக்கம், தாம்பரம் பக்கம் ஒரு படுக்கையறை வீட்டுக்கு 13,000 என்று வைப்போம். ஐந்து மாத அட்வான்ஸ் 65,000, புரோக்கர் 13,000, முதல் வாடகை 13,000, லாரி 15,000, சாமான் 35,000. மொத்தம் 1.41 லட்சம். உங்கள் இணையர் இங்கே மறுபடி பதிய வேண்டியதில்லை, அடுத்த வாரமே வேலையில் சேரலாம். மாதச் செலவு: வாடகை 13,000, இஎம்ஐ 13,660, உங்கள் வீட்டுக்கு 8,000, அவர் வீட்டுக்கு ஒரு 5,000, மளிகை 9,000, போக்குவரத்து 4,500, கரண்ட், போன், மருந்து, இன்ஷூரன்ஸ் எல்லாம் 7,000. சுமார் 60,000. வரவு 70,000. மிஞ்சுவது சுமார் 10,000, ஒரு டாப்-அப் அதில் கால்வாசிக்கு மேல் தின்றுவிடும்.

உங்களுக்குச் சென்னையைச் சொல்ல வேறு காரணமும் உண்டு. 2021 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் அளித்த உத்தரவு, மதுரையிலிருந்து சென்னைக்கு வந்த இரண்டு பெண்களின் வழக்கில் வந்தது. காணவில்லை என்று பெற்றோர் புகார் கொடுத்தாலும், இருவரும் வயது வந்தவர்கள், விருப்பத்தோடு இருக்கிறார்கள் என்று தெரிந்தால் வாக்குமூலம் வாங்கிக்கொண்டு போலீஸ் புகாரை முடித்துவிட வேண்டும் என்றது அது. பால்புதுமையினரைத் துன்புறுத்தக் கூடாது என்று 2022இல் தமிழ்நாடு போலீஸ் நடத்தை விதிகளிலும் சேர்த்தார்கள். ஸ்டேஷனில் உங்கள் மொழியிலேயே பேசலாம். கிளம்பும் முன் படிப்புச் சான்றிதழ்கள், ஆதார், பாஸ்போர்ட் அசல்கள் உங்கள் பையில் இருக்கட்டும். வங்கி எஸ்.எம்.எஸ். எந்த எண்ணுக்குப் போகிறது என்றும் பாருங்கள். தம்பி வாங்கிக்கொடுத்த சிம் என்றால் மாற்றுங்கள்.

வீடு பிடிக்கும்போது “தோழிகள், வேலை பார்க்கிறோம்” என்பது போதும், உரிமையாளருக்கு அதற்கு மேல் விளக்கம் சொல்லும் கடமை இல்லை. பெற்றோர் போன் நம்பர் கேட்பார்கள். அதற்குப் பதில் நிறுவனக் கடிதமும் சம்பளச் சீட்டும் கொடுங்கள். அவற்றை ஏற்காத வீடு உங்களுக்கு வேண்டாம். ஒப்பந்தம் இருவர் பெயரிலும் இருக்க வேண்டும். ஒருவர் பெயரில் மட்டும் இருந்தால் அவர் ஊரில் இல்லாத நாளில் மற்றவரை வெளியே போகச் சொல்ல முடியும், முகவரிச் சான்றும் கிடைக்காது. அட்வான்ஸில் யார் பங்கு எவ்வளவு என்பதையும் அதிலேயே எழுதி, வங்கி வழியாகக் கட்டுங்கள். வேறு உடன்பாடு இல்லாதவரை மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் கூடாது என்கிறது தமிழ்நாட்டின் 2017 வாடகைச் சட்டம். அந்த “உடன்பாடு” என்ற சந்தில்தான் பத்து மாதம் கேட்கிறார்கள். ஐந்துக்கு மேல் போகாதீர்கள்.

‘ஜீரோ டெபாசிட்’ என்று செயலிகளில் வருவதைத் தொடாதீர்கள். திரும்பி வராத கட்டணம் ஒன்று இருக்கும். பல திட்டங்களில் அந்த அட்வான்ஸே உங்கள் பெயரில் எழுதப்படும் கடன். எல்லாரையும் அரவணைக்கும் கோ-லிவிங் என்று வானவில் படம் போட்டு விற்கும் அறைகளில் ஒரு கட்டிலுக்கான வாடகையை இரண்டால் பெருக்கிப் பாருங்கள், தனி வீடே மலிவு என்பது தெரியும்.

உடனே கிளம்பாதீர்கள். ஆறு மாதம் பொறுங்கள். டாப்-அப் இல்லை என்றால் இருவரும் சேர்ந்து மாதம் 12,000, சீட்டு முடிந்தபின் 17,000 சேர்க்க முடியும். ஆறு மாதத்தில் 82,000. இப்போதுள்ள 1.8 லட்சத்தோடு சேர்த்தால், குடிபோன செலவு போக 1.2 லட்சம் கையில் நிற்கும். அது இரண்டு மாதச் செலவு.

ஜாயின்ட் அக்கவுண்ட் தாராளமாகத் திறக்கலாம். பால்புதுமையினர் கூட்டுக் கணக்கு தொடங்கவும் இணையரை நாமினியாக்கவும் தடை இல்லை என்று 2024 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கியும் நிதி அமைச்சகமும் தெளிவுபடுத்திவிட்டன. கிளையில் தெரியாது என்றால் அதைச் சொல்லுங்கள். அந்தக் கணக்கில் வாடகைக்கும் மளிகைக்கும் வேண்டியதை மட்டும் போடுங்கள். வருமான வரிச் சட்டப்படி அவர் உங்கள் ‘உறவினர்’ இல்லை. ஒருவருக்கொருவர் பரிசாகக் கொடுப்பது வருடத்துக்கு 50,000ஐத் தாண்டினால் வாங்கியவருக்கு முழுத் தொகையும் வருமானம். செலவைப் பகிர்வது பரிசு அல்ல, ஆனால் கணக்கு இருக்க வேண்டும்.

பி.எஃப். வேறு கதை. பெற்றோர் உங்களைச் சார்ந்திருப்பவர்கள் என்றால் விதிப்படி அவர்கள்தான் குடும்பம், இணையரை நாமினியாகப் போட்டாலும் செல்லாது. வங்கிக் கணக்கிலும் நாமினி பணத்தை வாங்கிக்கொள்பவர்தான், வாரிசு கேட்டால் கொடுக்க வேண்டியிருக்கும். அதனால் இருவரும் தனித்தனியாக உயில் எழுதுங்கள். வெள்ளைத் தாள் போதும், முத்திரைத் தாளோ பதிவோ கட்டாயமில்லை. இரண்டு சாட்சிகள் உங்கள் முன்னால் கையெழுத்திட வேண்டும். சாட்சிகளில் ஒருவராக இணையர் இருக்க வேண்டாம், அலுவலகத்திலிருந்து இரண்டு பேரைக் கேளுங்கள்.